‘பரவாயில்லை’ என்ற பதிலுக்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

படிவக்காரி:

வணக்கம். நான் பிசியோதெரபி படித்தவள். எட்டு மாதமாக ஓர் ஆராய்ச்சிக் குழுவில் வேலை. முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு வாழ்க்கை எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு மதிப்பெண்ணாக்குவதுதான் எங்கள் பிழைப்பு. கேள்வித்தாள் ஆங்கிலத்தில் உருவானது. உரிமம் வாங்கியிருக்கிறோம், பெயர் இங்கே வேண்டாம். தமிழாக்கத்தை ஒரு நிறுவனம் செய்து கொடுத்தது. வேறொருவர் அந்தத் தமிழை மறுபடி ஆங்கிலமாக்கினார். மூலத்தோடு வரிக்கு வரி பொருந்தியது. குழுத் தலைவருக்கு ஏகத் திருப்தி, களத்துக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

போனேன். 11 பேரிடம் உட்கார்ந்து கேட்டு முடிப்பதற்குள் எனக்கு அந்தத் தாளின் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது.

‘கடந்த நான்கு வாரங்களில் மனச்சோர்வாக உணர்ந்தீர்களா?’ என்று ஒரு கேள்வி. அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவர், “ஆமாம்மா, சாயங்காலம் ஆனா ஒரே சோர்வு, காலை நீட்டிப் படுத்துடுவேன்” என்றார். நானும் ‘பெரும்பாலான நேரம்’ கட்டத்தில் டிக் போட்டுவிட்டேன். இரண்டு கேள்வி தள்ளிப் போன பிறகுதான் உறைத்தது. திரும்பி வந்து, “மனசு எப்படிம்மா இருக்கு?” என்றேன். “மனசுக்கு என்ன, அது நல்லாத்தான் இருக்கு. உடம்புதான் ஒத்துழைக்கல” என்று சிரித்தார். நான் டிக் போட்டது மனநலக் கேள்விக்கு, அவர் பதில் சொன்னது உடல் களைப்புக்கு.

அடுத்தது ‘பரவாயில்லை’. முதல் கேள்வியே ‘பொதுவாக உங்கள் உடல்நலம் எப்படி?’ என்பதுதான். ஐந்து கட்டங்கள்: மிகச் சிறப்பு, மிக நன்று, நன்று, சுமார், மோசம். 11 பேரில் 7 பேர் சொன்ன பதில் இந்த ஐந்திலும் இல்லை, “பரவாயில்லை” என்றார்கள். ஒருவர் அதை இழுத்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். இன்னொருவர், இரண்டு மாதம் முன்பு கட்டிலை விட்டு இறங்க முடியாதவர், பெருமையாகச் சொன்னார். மூன்றாமவர் எனக்கு வருத்தமாக இருக்கக்கூடாதே என்று சொன்னது போல இருந்தது. குரலை வைத்து நானே கட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். அப்படியானால் அது அவர்கள் மதிப்பெண்ணா, என் காதின் மதிப்பெண்ணா?

இன்னொருவரிடம் வலி பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்றேன். “மூணு” என்றார். பக்கத்தில் இருந்த மனைவி, “ராத்திரி பூரா முனகுறாரு, எட்டுன்னு போடும்மா” என்றார். அவர் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “சரி, அஞ்சு போட்டுக்குங்க” என்றார். பேரம் பேசி முடித்த மாதிரி.

என் சந்தேகம் இதுதான். திரும்ப மொழிபெயர்த்துப் பார்த்துச் சரியாக வந்துவிட்டால் போதும் என்று இந்தத் துறை உண்மையிலேயே நினைக்கிறதா? இல்லை, நான்தான் கேட்கத் தெரியாமல் கேட்கிறேனா? தலைவரிடம் என்ன சொல்லிப் புரியவைப்பது?

இருமுறைபார்:

உங்கள் தவறு இல்லை. வரிக்கு வரி பொருந்தியது என்பதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்புகிறது. திரும்ப மொழிபெயர்க்கும் முறையை ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-இல் எழுதிய கட்டுரைதான் பரவலாக்கியது. எதையாவது விட்டிருக்கிறார்களா, ‘இல்லை’ எங்காவது ‘உண்டு’ ஆகிவிட்டதா என்று பிடிக்க நல்ல வழி. ஆனால் இரண்டு மொழிபெயர்ப்பாளர்களும் ஒரே மாதிரிப் படித்தவர்கள். ஒருவர் ‘டிப்ரஷன்’ என்பதை ‘மனச்சோர்வு’ ஆக்குவார், மற்றவர் ‘மனச்சோர்வு’ என்பதை ‘டிப்ரஷன்’ ஆக்குவார். அகராதியும் அகராதியும் கைகுலுக்கிக்கொள்ளும். அந்த அம்மா இந்தச் சந்திப்பில் எங்குமே இல்லை.

தலைவரிடம் காட்ட ஓர் ஆதாரம் வேண்டுமென்றால், கேள்வித்தாள்களை வேறு மொழிக்குக் கொண்டுபோவது பற்றி பீட்டன் என்பவரின் ஆய்வுக் குழு 2000-இல் வெளியிட்ட வழிமுறை. தமிழாக்கத்துக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் விஷயம் தெரிந்தவர், மற்றவர் தெரியாதவர். இரண்டையும் ஒன்றாக்கி, மூலத்தைப் பார்த்திராத இரண்டு பேர் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். பிறகு ஒரு குழு உட்கார்ந்து பேச வேண்டும். அதன் பிறகும் முடியவில்லை, 30 முதல் 40 பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் என்னவென்று புரிந்துகொண்டார்கள் என்று விசாரிக்க வேண்டும். உங்கள் நிறுவனம் செலவான பகுதியைச் செய்துவிட்டு முக்கியமான பகுதியை விட்டிருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. உரிமம் உள்ள படிவத்தில் நீங்களாக ஒரு சொல்லைக்கூட மாற்றாதீர்கள். உரிமைதாரருக்கு எழுதுங்கள். ஏற்கெனவே வேறு தமிழ் வடிவம் வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

பழைய பேட்டியாளர்:

படிவக்காரி, உங்கள் பதிவைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன், அப்புறம் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. 17 வருடம் இதே வேலையைப் பார்த்தவள் நான். செவிலியாக ஆரம்பித்து, படிவம் தூக்கும் வேலைக்கு வந்தேன். ‘சரி, அஞ்சு போட்டுக்குங்க’ என்ற குரல் எனக்கும் நன்றாகத் தெரியும்.

முதலில் ஒன்று. உங்களுக்கு வந்தது மொழிபெயர்ப்புச் சிக்கல் மட்டுமில்லை, மூன்று வெவ்வேறு சிக்கல்கள். சொல் புரியாதது ஒன்று. சொல் புரிந்தும் பதில் கட்டத்துக்குள் அடங்காதது இன்னொன்று. யார் முன்னால் சொல்கிறோம் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

சொல்லிலிருந்து வருகிறேன். பொது உடல்நலத்தைக் கேட்கும் எஸ்எஃப்-36 என்ற படிவம் 1992-இல் வந்தது, உலகம் முழுக்க ஓடுகிறது. அதில் ‘மிதமான வேலைகள்’ என்பதற்குக் கொடுத்த உதாரணங்கள்: மேசையை நகர்த்துவது, வாக்குவம் கிளீனரைத் தள்ளுவது, பவுலிங், கோல்ஃப். நடையை ‘பிளாக்’ கணக்கில் கேட்கும், அதாவது ஒரு தெரு முனையிலிருந்து அடுத்த முனை வரை. வேறு நாடுகளுக்குக் கொண்டுபோக 1991-இலேயே ஒரு தனித் திட்டம் தொடங்கி, மைலையும் பிளாக்கையும் மீட்டராகவும் கெஜமாகவும் மாற்றினார்கள், விளையாட்டுகளையும் மாற்றினார்கள். அது சுலபமான வேலை. கோல்ஃபுக்குப் பதில் அதே அளவு மூச்சு வாங்கும் வேறொரு வேலையைக் கண்டுபிடித்தால் முடிந்தது. அதே படிவத்தில் ‘டவுன்ஹார்ட்டட் அண்ட் ப்ளூ’ (மனம் தளர்ந்து, சோகமாக) என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு என்ன செய்வீர்கள்?

பிரசவத்துக்குப் பிந்தைய மனநிலையைப் பார்க்கும் எடின்பரோ அளவுகோல், 1987-இல் வந்தது, பத்தே கேள்வி. அதில் ஒன்று, எல்லாம் ‘என் மேல் ஏறிக்கொண்டிருக்கிறது’ என்கிற பாணியில் இருக்கும். சொல்லுக்குச் சொல் போட்டால் கேட்பவர் மேலே நிமிர்ந்து பார்ப்பார். நம்மிடம் ‘தலைக்கு மேல் வேலை’ என்று இருக்கிறதே என்று ஒருமுறை சந்தோஷப்பட்டேன். போட்டுப் பார்த்தால் எல்லாரும் ‘ஆமாம்’ என்கிறார்கள். ஏனென்றால் அது வேலை அதிகம் என்பதை மட்டும்தான் சொல்கிறது, சமாளிக்க முடியவில்லை என்பதைச் சொல்லவில்லை. ‘தலைக்கு மேல் வெள்ளம்’ கிட்டத்தில் வருகிறது, ஆனால் அதில் ‘இனி என்ன வந்தால் என்ன’ என்ற தொனியும் ஒட்டிக்கொள்கிறது. ஒரே ஒரு சொல் வித்தியாசத்தில் அளக்கும் பொருளே மாறிவிடுகிறது பாருங்கள்.

வலிக்கு வாருங்கள். ஆங்கிலத்தில் மெல்சாக் 1975-இல் மெகில் வலிக் கேள்வித்தாளைக் கொண்டுவந்தபோது 78 சொற்களை 20 கூட்டங்களாகப் பிரித்து வைத்தார். நம்மிடம் குடைச்சல், உளைச்சல், கடுப்பு, குத்தல், எரிச்சல், பிடிப்பு, இசிவு, விண்விண் என்று தெறிப்பது என்று கொட்டிக் கிடக்கிறது. படிவத்தில் மட்டும் ‘வலி’ என்ற ஒரே சொல். “வலி இல்லம்மா” என்பார்கள். சரி என்று பூஜ்ஜியம் போடுவேன். எழுந்திருக்கும்போது, “ஆனா ராத்திரி ஒரே உளைச்சல்” என்பார்கள். எத்தனை பூஜ்ஜியங்களை நான் அப்படி அழித்திருக்கிறேன் என்று கணக்கில்லை. அழித்தது சரியா என்பது வேறு விஷயம். ‘உளைச்சல்’ என்று மட்டும் சொன்னால் காலா மனசா என்று நீங்கள் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அதையும் மறக்காதீர்கள்.

இதற்கு எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. ஹார்வர்டின் ஆர்தர் கிளைன்மன், மனநல மருத்துவர், மானுடவியலும் படித்தவர். ஒரு சமூகத்தில் உருவான நோய்ப் பெயரை இன்னொரு சமூகத்தின் மேல் கவிழ்த்துவிட்டு, ‘இதோ இங்கேயும் இருக்கிறது’ என்று எண்ணுவது பிழை என்று 1977-இல் எழுதினார். ஜிம்பாப்வேயில் 1990-களில் விக்ரம் பட்டேலும் கூட இருந்தவர்களும் மொழிபெயர்க்கவே இல்லை. அங்குள்ளவர்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்லப் பயன்படுத்தும் பேச்சையே சேகரித்து 14 கேள்விகளாக்கினார்கள். ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்று ஒரு சொல், அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். அது மையமாக வந்து நின்றது. நம் ஊர்க்காரர்கள் “சும்மா யோசனை யோசனையாவே இருக்கு” என்பதைக் கேட்டவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

நடுவழியும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1990-களில் வாழ்க்கைத்தரப் படிவத்தை ஓரிடத்தில் எழுதி ஊருக்கு ஊர் அனுப்பவில்லை. 15 மையங்களில் ஒரே நேரத்தில் மக்களிடம் பேசிக் கேள்விகளைத் திரட்டினார்கள். அந்த 15-இல் அன்றைய மெட்ராஸும் ஒன்று. அதனால்தான் அதன் 26 கேள்விச் சுருக்கத்தில் உடல், மனம், உறவு ஆகியவற்றோடு சுற்றுச்சூழலுக்கும் தனிப் பகுதி இருக்கிறது. பணம் போதுமா, வீடு எப்படி, மருத்துவ வசதி கிடைக்கிறதா என்பதெல்லாம் அதில் வரும்.

சரி, உங்கள் வேலைக்கு வருகிறேன். ‘காக்னிட்டிவ் இன்டர்வியூ’ என்பார்கள். பெயர்தான் பெரிது. ஒருவர் பதில் சொல்வதற்கு நான்கு படி ஏறுகிறார்: கேள்வியைப் புரிந்துகொள்கிறார், ஞாபகத்தைத் தோண்டுகிறார், எடைபோடுகிறார், கட்டத்தோடு பொருத்துகிறார். எந்தப் படியில் சறுக்கினார் என்று பார்ப்பதுதான் வேலை. ‘புரிந்ததா?’ என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லாரும் ‘புரிஞ்சுது’ என்பார்கள். “இதையே உங்க அக்காகிட்ட நீங்க கேக்கணும்னா எப்படிக் கேப்பீங்க?” என்று கேளுங்கள். “நாலு வாரம்னு சொன்னேனே, எதிலிருந்து எண்ணினீங்க?” என்று கேளுங்கள். அறுவை சிகிச்சை நடந்த நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் அதிகம் என்று நான் பந்தயம் கட்டுவேன். “பரவாயில்லைன்னு சொன்னீங்களே, எதோட ஒப்பிட்டுச் சொன்னீங்க?” இந்த ஒரு கேள்விக்கு வரும் பதில்களை மட்டும் எழுதி வையுங்கள், உங்கள் தலைவருக்கு வேறு அறிக்கையே வேண்டாம்.

ஓபி டாக்டர்:

மன்னிக்கவும், எனக்கு இது கொஞ்சம் மிகையாகத் தெரிகிறது. முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது, எக்ஸ்ரேயில் பொருத்திய மூட்டு சரியாக உட்கார்ந்திருக்கிறதா, தொற்று உண்டா இல்லையா. இதற்கு எந்த மொழியும் தேவையில்லை. ‘பரவாயில்லை’க்குள் உளவியலைத் தேடிக்கொண்டிருந்தால் ஓபி என்றைக்கு முடியும்?

படிவக்காரி:

சார், டிகிரி பார்ப்பதுதான் என் சொந்தத் தொழில். மூட்டு மடங்கும் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரை நானும் பிடித்திருக்கிறேன். 120 டிகிரி மடங்கும் கால், ஆனால் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் வாசலைத் தாண்டாதவர்கள் இருக்கிறார்கள். 90-ஐத் தாண்டாத காலோடு மாடிப்படி ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். முதலாமவரின் எக்ஸ்ரே அழகாக இருக்கிறது என்று நான் அவரிடம் போய்ச் சொல்லவா?

அக்கா, ‘எதோட ஒப்பிட்டு’ என்ற கேள்வியை நாளைக்கே போடுகிறேன். நன்றி.

பழைய பேட்டியாளர்:

டாக்டர் சார் கேட்டது பழைய கேள்விதான். பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்று ஓர் அறுவை மருத்துவர், நூறு வருடத்துக்கு முந்தியவர். ஒவ்வொரு நோயாளியையும் நீண்ட நாள் கழித்தும் விசாரித்து, சிகிச்சை பலித்ததா, இல்லையென்றால் ஏன் என்று எழுதி வெளியிட வேண்டும் என்றார். தன் சிறிய மருத்துவமனையில் 1911-க்கும் 1916-க்கும் இடையில் பார்த்த 337 பேரில் 123 தவறுகள் என்று தானே அச்சடித்தார். சக மருத்துவர்கள் அவரைக் கொண்டாடவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவராவது மருத்துவரின் கண்ணால் பார்த்தார். நோயாளி வாயால் கேட்பது அதற்கும் அடுத்த படி.

சராசரிப்பகைவன்:

நான் புள்ளியியல் ஆள், களத்துக்குப் போனதில்லை. அதனால் மேலே அக்கா சொன்னதைத் தொடப் போவதில்லை, ஒன்றைத் தவிர. எல்லா வித்தியாசத்தையும் பண்பாடு என்று சொல்லிவிடாதீர்கள். மனைவி பக்கத்தில் இருந்ததால் 3 என்பது 5 ஆனது எந்த நாட்டிலும் நடக்கும். ஒவ்வொரு படிவத்தின் மூலையிலும் மூன்றைக் குறித்து வையுங்கள்: கேட்டது யார், கூட இருந்தது யார், அவரே படித்தாரா நீங்கள் வாசித்துக் காட்டினீர்களா. கூட இருந்தவர் சொல்லும் எண்ணும் தகவல்தான், ஆனால் அதற்குத் தனித் தாள். ஒரே கட்டத்தில் இரண்டு பேரின் சராசரியைப் போடாதீர்கள். அந்த 5 யாருடைய வலியும் இல்லை.

இப்போது தலைவர் பக்கம். அவர் நிச்சயம் “குரோன்பாக் ஆல்ஃபா 0.9 வந்திருக்கிறது” என்பார். ஆல்ஃபா சொல்வது கேள்விகள் ஒன்றோடொன்று சேர்ந்து போகின்றன என்பதை மட்டும்தான். எல்லாரும் ஒரே மாதிரித் தவறாகப் புரிந்துகொண்டாலும் அது ஜம்மென்று உயரும். மனச்சோர்வு, களைப்பு, அசதி மூன்றையும் உங்கள் நோயாளிகள் களைப்பு என்றே எடுத்துக்கொண்டால் ஆல்ஃபா இன்னும் நன்றாகவே வரும்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. உண்மையில் ஒரே நிலையில் இருக்கும் இரண்டு பேர், ஒருவர் ஆங்கிலப் படிவம், ஒருவர் தமிழ்ப் படிவம், ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு மட்டும் வெவ்வேறு பதில் சொல்கிறார்களா? சொன்னால் அந்தக் கேள்வி பாரபட்சம் காட்டுகிறது. தட்டின் அடியில் ஏதோ ஒட்டிக்கொண்ட தராசு மாதிரி. ஒவ்வொருவர் எடை கூடுவதையும் குறைவதையும் சரியாகக் காட்டும், ஆனால் இந்தத் தராசின் எண்ணை அடுத்த தராசின் எண்ணோடு ஒப்பிட முடியாது. மொழிகளுக்கு இடையே சராசரிகளை ஒப்பிடும் கட்டுரைகளில் பாதி இந்தச் சோதனையைச் செய்யாமலேயே ஒப்பிடுகின்றன என்பது என் புலம்பல். (பாதி என்பது எரிச்சலில் சொன்ன கணக்கு.)

இது சின்ன விஷயமில்லை. அமர்த்தியா சென் 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இரண்டு பக்கத்துக்குள் எழுதியதைத் தேடிப் படியுங்கள். இந்தியாவில் ஆயுள் அதிகம் உள்ள கேரளத்தில்தான் ‘எனக்கு உடம்பு சரியில்லை’ என்று சொல்கிறவர்களும் அதிகம். ஆயுள் குறைந்த பீகாரில் அப்படிச் சொல்கிறவர்கள் குறைவு. அமெரிக்கர்கள் கேரளத்தையும் மிஞ்சி நோய் சொல்கிறார்கள். வாய்வழிப் பதிலை மட்டும் நம்பிப் பணம் ஒதுக்கினால் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். நோய் கூடியதால் இல்லை, நோயை நோயென்று அறியும் வாய்ப்பு கூடியதால் எண் கூடுகிறது.

‘பரவாயில்லை’க்கு ஒரு கருவி இருக்கிறது. கேரி கிங், கிறிஸ்டோபர் மர்ரி முதலியவர்கள் கொண்டுவந்தது. முதலில் ஒரு கற்பனை ஆளைப் பற்றிச் சொல்லுங்கள்: ‘ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு மாடி ஏறுவார், நடுவில் ஒருமுறை நிற்பார். இவர் நடமாட்டம் எப்படி?’ எல்லாருக்கும் அதே ஆள்தான். ஒருவர் அவரை ‘நன்று’ என்கிறார், இன்னொருவர் ‘மோசம்’ என்கிறார் என்றால் இருவரின் அளவுகோலும் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு அவர்கள் தங்களைப் பற்றிச் சொன்னதை அதற்கேற்பத் திருத்தலாம். உலக சுகாதார நிறுவனம் பல நாட்டு ஆய்வுகளில் இதைப் பயன்படுத்தியிருக்கிறது. பேட்டி நீளும், அதுதான் குறை.

அப்புறம் அந்தப் பெருமைக்காரர், கட்டிலை விட்டு இறங்கியவர். அவரை விட்டுவிடாதீர்கள். நோய் வந்த பிறகு மனிதரின் அளவுகோலே நகர்ந்துவிடுகிறது. இதற்கு ‘ரெஸ்பான்ஸ் ஷிஃப்ட்’ என்று பெயர், ஸ்ப்ராங்கர்ஸும் ஷ்வார்ட்ஸும் 1999-இல் விரிவாக எழுதினார்கள். ‘முன்பு’ படிவத்தையும் ‘பின்பு’ படிவத்தையும் வெறுமனே கழித்தால் நீங்கள் கழிப்பது இரண்டு வெவ்வேறு ஸ்கேலின் எண்களை. அறுவைக்கு முன் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று இப்போது ஒருமுறை திருப்பிக் கேட்டு வையுங்கள்.

படிவக்காரி:

பத்து நாள் கழித்து வருகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். புதிதாக 9 பேரிடம் போனேன். டேப் ரெக்கார்டரை அனுமதி கேட்டே வைத்தேன்.

“எதோட ஒப்பிட்டு?” என்றதற்கு வந்த பதில்கள்: மூன்று பேர் அறுவைக்கு முந்தைய நாளோடு. இரண்டு பேர் ஒரே அறையில் படுத்திருந்த அடுத்த நோயாளியோடு. ஒருவர் தன் அம்மாவின் கடைசிக் காலத்தோடு. ஒருவர், “ஒப்பிடல்லாம் இல்லம்மா, யாரு கேட்டாலும் அதான் சொல்வேன்” என்றார். மற்ற இருவர் யோசித்துவிட்டுத் தங்கள் பதிலையே மாற்றிக்கொண்டார்கள், ஒருவர் மேலே, ஒருவர் கீழே.

நான்கு வாரம் பற்றி அக்கா கட்டிய பந்தயத்தில் அக்காதான் ஜெயித்தார். 9-இல் 6 பேர் அறுவை சிகிச்சை நாளிலிருந்து எண்ணினார்கள். அதில் ஒருவருக்கு அது ஏழு மாதம்.

‘மனச்சோர்வு’ இடத்தில் என்ன சொல்வீர்கள் என்று அவர்களையே கேட்டேன். “மனசு ஒடஞ்சு போறது”, “எதுலயும் மனசு ஒட்டாம இருக்கிறது”, “மனசு பாரமா இருக்கிறது”. மூன்றும் மூன்று விஷயம். முதலாவதற்கு ஏதாவது நடந்திருக்க வேண்டும், யாராவது ஏமாற்றியிருக்க வேண்டும். மூன்றாவதுதான் கேள்வி தேடுவதற்குப் பக்கத்தில் வருகிறது என்று எனக்குப் படுகிறது. மூன்றையும் காரணத்தோடு எழுதி உரிமைதாரருக்கு அனுப்பியிருக்கிறோம். தலைவர் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்பினார். டேப்பில் இரண்டு பேரைக் கேட்கச் சொன்னேன், அதற்கு மேல் வாதாட வேண்டியிருக்கவில்லை. ஆனால் கற்பனை ஆள் உத்திக்கு மறுத்துவிட்டார், பேட்டி ஏற்கெனவே நாற்பது நிமிடம் என்கிறார். அதில் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஏழாவது பக்கத்தில் ஒருவர் தூங்கியே விட்டார்.

சராசரிப்பகைவன் சார், ஒரு சந்தேகம் பாக்கி. பழைய 11 படிவங்களை என்ன செய்வது? என் காது போட்ட டிக்குகள் அவை.

சராசரிப்பகைவன்:

கணக்கில் சேர்க்காதீர்கள், கிழிக்கவும் செய்யாதீர்கள். முன்னோட்டம் என்று மேலே எழுதித் தனி உறையில் போடுங்கள். எந்தெந்தக் கட்டங்களை நீங்களாகத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஞாபகம் இருக்கும்போதே பென்சிலில் குறித்துவிடுங்கள்.

படிவக்காரி:

குறித்துவிட்டேன். அந்த 5-க்குப் பக்கத்தில் ‘அவர் 3, அவர் மனைவி 8’ என்றும் எழுதியிருக்கிறேன்.